இமை மூட மறுக்கும்போது கண்ணைக் காப்பது எப்படி

ஈரோட்டில் எங்கள் வீட்டு முன்னறையில் 26 வருடமாக ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறேன். 2022 மார்கழியில் ஒரு காலை, பல் தேய்த்துவிட்டு வாய் கொப்பளித்தபோது தண்ணீர் வலது கடைவாய் வழியாகத் தானாக ஒழுகியது. கண்ணாடியில் பார்த்தேன். வாய் இடப்பக்கம் இழுத்திருந்தது. இடது கண் சிமிட்டியது, வலது கண் அப்படியே திறந்து கிடந்தது. முகவாதம். ஆஸ்பத்திரியில் 'பெல்ஸ் பால்சி' என்பார்கள்.

அந்த நாலு மாதத்தில் கண்ணைக் காப்பாற்ற நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். வாய் கோணியதைப் பார்த்து எல்லோரும் பதறுகிறார்கள். வாய் பெரும்பாலானவர்களுக்குத் தானே நேராகிவிடும். கண்ணை அந்த இடைவெளியில் யாரும் கவனிக்காவிட்டால் பார்வைக்கே கேடு வரும்.

முதலில் ஓட வேண்டியது ஆஸ்பத்திரிக்கு. வாய் கோணுவது பக்கவாதமாகவும் இருக்கலாம். புருவத்தைத் தூக்கச் சொல்லி டாக்டர் பார்ப்பார். முகவாதத்தில் அந்தப் பக்க நெற்றி சுருங்காது, பக்கவாதத்தில் பெரும்பாலும் சுருங்கும். இதைப் படித்துவிட்டு வீட்டிலேயே முடிவு கட்டிவிடாதீர்கள். கை கால் தளர்ந்தாலோ பேச்சு குழறினாலோ உடனே 108. முகவாதம்தான் என்றாலும் ஸ்டீராய்டு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். "காத்து பட்டிருக்கும், எண்ணெய் தேய்" என்ற பேச்சைக் கேட்டு நான் இரண்டு நாளை வீணாக்கினேன், மூன்றாம் நாள்தான் மாத்திரை கிடைத்தது. சர்க்கரை இருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள், அந்த மாத்திரை சர்க்கரையை ஏற்றும்.

மாத்திரை கொடுத்த இடத்தில் கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஐந்தாம் நாள் கண் ரத்தமாகச் சிவந்தது. கண் டாக்டர் ஆரஞ்சு நிறச் சாயம் தோய்ந்த காகிதத்தை இமைக்குள் தொட்டு வைத்து, நீல வெளிச்சத்தில் பார்த்தார். கருவிழியின் கீழ்ப்பகுதி காய்ந்து, பொடிப்பொடியாகப் புண்பட்டிருக்கிறது என்றார். அதற்குப் பிறகுதான் இமை என்றால் என்ன என்று விடாமல் கேட்டுத் தெரிந்துகொண்டேன். தையல்காரிக்கு அது சட்டென்று பிடிபட்டது.

இமையின் மேல்துணி தோல். உடம்பிலேயே மிக மெல்லிய தோல்களில் ஒன்று, ஒரு மில்லிமீட்டர் கூட இருக்காது. அடியில் கொழுப்பு இல்லாததால்தான் அழுதால், தூங்காவிட்டால் உடனே வீங்கிவிடுகிறது. தோலுக்கு அடியில் கண்ணைச் சுற்றி வட்டமாக ஓடும் ஒரு தசை. பாவாடை நாடாவை இழுத்தால் வாய் சுருங்குமே, அப்படி அது சுருங்கித்தான் கண் மூடுகிறது. அதற்கும் உள்ளே காலருக்கு வைக்கும் கேன்வாஸ் போல விறைப்பான ஒரு தகடு. மேலிமையில் சுமார் 10 மில்லிமீட்டர் உயரம், கீழிமையில் 4. இமை விழிமேல் வளைந்து படிந்து நிற்பது இந்தத் தகட்டால். உள்பக்கம் வழுவழுப்பான லைனிங், அதுதான் விழியில் உரசும் பக்கம்.

அந்தத் தகட்டுக்குள் செங்குத்தாக எண்ணெய்ச் சுரப்பிகள் வரிசையாக இருக்கின்றன. மேலே 25 முதல் 40, கீழே 20 முதல் 30. இமை மயிருக்குப் பின்னால் ஓரத்தில் அவற்றின் வாய்கள் ஊசித்துளை போல இருக்கும். ஒவ்வொரு முறை சிமிட்டும்போதும் கொஞ்சம் எண்ணெய் பிதுங்கிக் கண்ணீரின் மேல் படலமாகப் பரவும், அதனால் கண்ணீர் சீக்கிரம் ஆவியாகாது. நாம் நிமிடத்துக்குச் சுமார் 15 முறை சிமிட்டுகிறோம். 16 மணி நேரம் விழித்திருந்தால் 14,400 முறை. என் வலது கண்ணுக்கு அத்தனையும் ஒரே ராத்திரியில் நின்றுபோனது.

இன்னொன்றும் புரிந்தது. மூடும் நாடாத் தசைக்கு ஏழாவது மூளை நரம்பு, மேலிமையைத் தூக்கும் தசைக்கு மூன்றாவது. முகவாதத்தில் கெடுவது ஏழாவது மட்டும். தூக்குகிறவன் முழுப் பலத்தோடு இருக்க, இறக்குகிறவன் இல்லை. அதனால்தான் கண் எப்போதும் அகலத் திறந்தே நிற்கிறது. இமை தொங்கிப்போனால் அது வேறு நோய். அதோடு தலைவலியோ இரட்டைப் பார்வையோ இருந்தால் அதுவும் அவசரம்தான்.

இனி கையால் செய்ய வேண்டிய வேலைக்கு வருகிறேன். பகலில் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு. நான் மணிக்கொரு தரம் விட்டேன், உங்களுக்கு எத்தனை முறை என்று டாக்டர் சொல்வார். அடிக்கடி விடுவதாக இருந்தால், சொட்டு கெட்டுப்போகாமல் இருப்பதற்காகச் சேர்க்கிற மருந்து (பிரிசர்வேட்டிவ்) கலக்காத வகையைக் கேட்டு வாங்குங்கள். கை கழுவி, தலையைச் சாய்த்து, கீழிமையை மெதுவாக இழுத்தால் சட்டைப்பை போல ஒரு பள்ளம் விழும். சொட்டு அதற்குள் விழ வேண்டும், விழிமேல் அல்ல. பாட்டில் முனை கண்ணிலும் மயிரிலும் படக்கூடாது. பிறகு ஆள்காட்டி விரலின் பின்பக்கத்தால் மேலிமையை மெல்ல இறக்கி, கீழிமையைத் தொட்டதும் ஒரு கணம் நிறுத்தி, பிறகு விரலை எடுங்கள். அதுதான் அந்தக் கண்ணுக்கு ஒரு சிமிட்டல். நான் ஒவ்வொரு கொக்கி தைத்து முடித்ததும் ஒரு முறை இமையை இறக்குவேன். கணக்கு மறக்காது.

கண்ணீர் கன்னத்தில் வழிந்துகொண்டே இருக்கும். "கண்ணு ஈரமாத்தானுங்கக்கா இருக்குது, சொட்டு மருந்து எதுக்குங்க" என்று ஜாக்கெட் வாங்க வந்தவர்கள் கேட்டார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். இமையின் மூக்கோர முனையில் ஒரு சிறு துளை இருக்கிறது. சிமிட்டும்போது இமைதான் கண்ணீரை அந்தத் துளை வழியாக மூக்குக்குள் தள்ளுகிறது. கீழிமை தளர்ந்து வெளியே சரிந்ததும் துளை விழியை விட்டு விலகிவிடுகிறது. நீர் வெளியே கொட்டும், கருவிழியில் பரவாது. வழிந்தாலும் கண் காய்கிறது என்பதை நம்புங்கள். துடைக்கும்போது கீழிமையைக் கீழே இழுக்காமல், மேல்நோக்கி ஒற்றி எடுங்கள்.

மின்விசிறி முகத்துக்கு நேராக வேண்டாம். நான் தையல் மெஷினையே திருப்பிப் போட்டேன். வண்டியில் போகும்போது பக்கவாட்டிலும் மூடிய கண்ணாடி போடுங்கள். தாளிக்கும் வேலையைச் சில வாரம் வேறு யாராவது பார்க்கட்டும். சீயக்காய் போட்டுக் குளிக்கும் நாளில் அந்தக் கண்ணை விரலால் மூடிப் பிடித்துக்கொண்டு தலை அலசுங்கள்.

ராத்திரிதான் பெரிய ஆபத்து. தூங்குகிறவர் கை இமையை இறக்காது. எங்கள் வீட்டில் இதை மருமகள்தான் செய்தாள். படுக்கும் முன் முகம் கழுவி, இமைத் தோலில் எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைக்க வேண்டும். கீழிமைப் பையில் கண் களிம்பு, அரிசி மணி இரண்டு சேர்ந்த நீளத்துக்கு. பார்வை மங்கும், பயப்படாதீர்கள், அதனால்தான் அது ராத்திரி மருந்து. அடுத்து கீழே பார்க்கச் சொல்லி, மேலிமையை விரலால் முழுக்க இறக்க வேண்டும். இறக்கிய இமையை விடாமல், மைக்ரோபோர் காகித டேப்பை மேலிமையில் ஒட்டிக் கன்னம் வரை சாய்வாக இழுத்து ஒட்ட வேண்டும். காடா டேப் வேண்டாம், காலையில் தோல் உரிந்து வரும்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். இமை மூடியிருக்கிறதா என்று பார்க்காமல் பஞ்சையோ துணியையோ கண்மேல் வைத்துக் கட்டாதீர்கள். உள்ளே கண் திறந்துகொண்டால் பஞ்சு கருவிழியை ராத்திரி முழுக்கச் சுரண்டும். டேப் ஒட்டியதும் பக்கத்தில் இருப்பவர் டார்ச் அடித்து, இமைகளுக்கு நடுவே கோடு தெரிகிறதா என்று பார்க்கட்டும். காலையில் வெந்நீரில் நனைத்த துணியால் டேப்பை ஊறவைத்து எடுங்கள்.

மூட முயலும்போது விழி மேலே சுழன்று வெள்ளை மட்டும் தெரியும். அதைப் பார்த்து என் வீட்டுக்காரர் நடுங்கிவிட்டார். அது நோயின் கொடுமையல்ல. பெரும்பாலானவர்களின் விழி மூடும்போது அப்படித்தான் மேலே போகிறது, இமை மூடுவதால் நமக்குத் தெரிவதில்லை. காக்க இமை இல்லாதபோது கருவிழி தானே மேலிமைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்கிறது. சிலருக்கு அப்படிச் சுழலாது. அவர்களுக்குக் கண் இன்னும் சீக்கிரம் காயும், கூடுதல் கவனம் வேண்டும்.

தினமும் காலையில் வெளிச்சத்தில் கண்ணாடி பாருங்கள். சிவப்பு கூடினால், குத்தினால், வெளிச்சம் கூசினால், களிம்பு கரைந்த பிறகும் பார்வை மங்கலாக இருந்தால், கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால், அன்றைக்கே கண் டாக்டர். நாளைக்குப் பார்க்கலாம் என்று படுக்காதீர்கள். மாதக்கணக்கில் இமை திரும்பாவிட்டால், மேலிமைக்குள் சுமார் ஒரு கிராம் தங்க எடை வைத்து அது தன் பாரத்தால் இறங்கும்படி செய்கிறார்கள். இமைகளின் ஓரத்தைக் கொஞ்ச தூரம் சேர்த்துத் தையல் போடுவதும் உண்டு. எனக்கு இரண்டும் தேவைப்படவில்லை.

தை கடைசியில் ஒரு மத்தியானம் நான் பட்டி மடித்துக்கொண்டிருந்தேன். எதிரே உட்கார்ந்திருந்த மருமகள், "அத்தை, ரெப்பை ஆடுச்சுங்க" என்றாள். நான் நம்பவில்லை. "எங்க கண்ணு, மறுபடி பாரு" என்று மூடிப் பார்த்தேன். நூல் தடிமன் அசைந்தது. அதற்காக டேப்பை நிறுத்தவில்லை, நீங்களும் நிறுத்தாதீர்கள். மல்லாக்கப் படுத்து, அழுத்தாமல் தூங்குவது போலக் கண் மூடி, டார்ச்சில் பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளைக் கோடு துளி தெரிந்தாலும் அன்று ராத்திரி டேப் வேண்டும். எனக்கு அந்தக் கோடு மறைந்தது பங்குனி பாதியில்தான். டாக்டரும் பார்த்துச் சரி என்ற பிறகு, டேப் இல்லாமல் படுத்தேன்.