சின்னக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தை நேரில் பார்க்கப் போகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் ஆயிரம், இரண்டாயிரம் மாணவர்களோடு நடக்கும் கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்கள் ஏராளம். நோத்ர டேம், ஜார்ஜ்டவுன் போன்ற பெரிய இடங்களின் கணக்கு வேறு, இவற்றின் கணக்கு வேறு. இங்கே பலம், ஆபத்து இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: ஆட்கள் குறைவு. ஒரு துறையில் மூன்று பேராசிரியர்கள் என்றால் மூவருக்குமே உங்கள் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரியும். அவர்களில் ஒருவர் ஓய்வுபெற்று, அந்த இடத்துக்கு யாரும் வராமல் போனால், மூன்றாம் ஆண்டுப் பாடங்கள் பாதி நின்றுபோகும். ஆகவே போகிற ஒரு நாளில் பார்க்க வேண்டியது அந்தச் சில மனிதர்களையும் அவர்கள் அங்கே நீடிப்பார்களா என்பதையும்தான்.

கணக்கைப் பார்க்காமல் கிளம்புவது

இதுதான் முதல் தவறு, பெரிய தவறும் இதுவே. 2023இல் கலிஃபோர்னியாவின் ஹோலி நேம்ஸ், மில்வாக்கியின் கார்டினல் ஸ்ட்ரிச். 2024இல் பென்சில்வேனியாவின் கப்ரீனி, ஆல்பனியின் செயின்ட் ரோஸ், ஒஹாயோவின் நோத்ர டேம் காலேஜ் (மேலே சொன்ன பெரிய நோத்ர டேம் வேறு). 2025இல் செயின்ட் லூயிஸின் ஃபான்ட்போன். எல்லாமே மூடப்பட்ட கத்தோலிக்க நிறுவனங்கள். கார்டினல் ஸ்ட்ரிச் ஏப்ரலில் அறிவித்து, மே மாதத்தோடு வகுப்புகளை நிறுத்திவிட்டது. மூடப்போகும் கல்லூரியிலும் புல்வெளி பச்சையாகத்தான் இருக்கும், வழிகாட்டும் மாணவர் சிரித்த முகத்தோடுதான் வருவார். நேரில் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

வீட்டிலிருந்தே மூன்றைப் பாருங்கள். ஒன்று, அமெரிக்கக் கல்வித்துறை தனியார் கல்லூரிகளுக்குத் தரும் நிதிப் பொறுப்பு மதிப்பெண். மைனஸ் 1இலிருந்து 3 வரை போகும், 1.5 அல்லது அதற்கு மேல் இருந்தால் நிதிநிலை ஏற்கத்தக்கது, 1.0க்குக் கீழே என்றால் கவலைப்பட வேண்டும். ஒரே ஆண்டு எண்ணை நம்பாமல் நான்கைந்து ஆண்டு எண்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். இரண்டு, அங்கீகார அமைப்பின் இணையப் பக்கம். அங்கே கல்லூரியின் பெயரைத் தேடினால் தற்போதைய நிலை தெரியும். எச்சரிக்கை, நன்னடத்தைக் காலம், 'ஏன் அங்கீகாரத்தை நீக்கக் கூடாது என்று காரணம் காட்டு' என்ற உத்தரவு, இவை படிப்படியாகக் கடுமையாகிக்கொண்டே போகும். மூன்று, மாணவர் எண்ணிக்கை. காலேஜ் நேவிகேட்டர் என்ற அரசுத் தளத்தில் இப்போதைய எண் கிடைக்கும். காமன் டேட்டா செட் என்பது கல்லூரிகள் ஆண்டுதோறும் ஒரே படிவத்தில் வெளியிடும் புள்ளிவிவர ஆவணம்; பழைய ஆண்டுகளின் ஆவணங்களைக் கல்லூரியின் தளத்திலேயே தேடி ஒப்பிடலாம். ஐந்து ஆண்டுகளாகத் தொடர்ந்து சரிந்துகொண்டே வந்தால், 'ஏன்?' என்று சேர்க்கை அலுவலரிடம் நேராகவே கேளுங்கள். நல்ல அலுவலர் பதில் வைத்திருப்பார்.

எஃப்-1 எனும் மாணவர் விசாவில் வெளிநாட்டிலிருந்து வரும் மாணவருக்கு இது இன்னும் முக்கியம். கல்லூரி மூடினால் குறித்த காலத்துக்குள் வேறு இடம் தேடி விசாப் பதிவையும் அங்கே மாற்ற வேண்டும். எடுத்த கிரெடிட் எல்லாவற்றையும் புதிய இடம் ஏற்கும் என்ற உறுதியும் கிடையாது.

காலியான வளாகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புவது

பிள்ளைக்கு லீவு, நமக்கும் லீவு என்று ஜூலையில் போகிறோம். அங்கேயும் லீவுதான். ஓபன் ஹவுஸ் நாளும் அப்படித்தான்: கூடாரம் போட்டு, எல்லாத் துறையும் மேசை வைத்து உட்கார்ந்திருக்கும், அன்றாடம் எப்படி என்று தெரியாது. செமஸ்டர் நடக்கும் காலத்தில் செவ்வாய் முதல் வியாழனுக்குள் ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். இறுதித் தேர்வு வாரமும் ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரமும் வேண்டாம்; புனித வியாழன் முதல் பாஸ்கா திங்கள் வரை பல இடங்களில் வகுப்பு இருக்காது.

இரண்டு மூன்று வாரம் முன்பே சேர்க்கை அலுவலகத்தில் பதிவு செய்து, மூன்றைக் கேளுங்கள்: படிக்க நினைக்கும் பாடத்தில் இரண்டாம் அல்லது மூன்றாம் ஆண்டு வகுப்பு ஒன்றில் உட்கார அனுமதி, அந்தத் துறைப் பேராசிரியரோடு அரை மணி நேரம், அதே துறை மாணவர் ஒருவரோடு மதியச் சாப்பாடு. சின்ன இடத்தில் இதையெல்லாம் ஏற்பாடு செய்வது சிரமமில்லை. கேட்டும் ஒன்றும் நடக்காவிட்டால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். சொல்லாமல் போய்ச் சுற்றிவிட்டு வந்தால் வந்ததற்குப் பதிவே இருக்காது. சில கல்லூரிகள் சேர்க்கையின்போது விண்ணப்பதாரரின் ஆர்வத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும். காமன் டேட்டா செட்டின் சி7 பகுதியில் அது எழுதியிருக்கும்.

'12க்கு 1' என்றதும் மயங்குவது

மாணவர்–ஆசிரியர் விகிதம் என்பது ஒரு சராசரி, அவ்வளவுதான். நம் பிள்ளை உட்காரும் வகுப்பைப் பற்றி அது எதுவும் சொல்லாது. காமன் டேட்டா செட்டின் ஐ-3 பகுதியில், எத்தனை வகுப்புகளில் 9 பேருக்குள், எத்தனையில் 10 முதல் 19 பேர் என்று பட்டியல் இருக்கும். ஐ-1இல் முழுநேர ஆசிரியர் எத்தனை பேர், பகுதிநேரம் எத்தனை பேர் என்றும் இருக்கும். ஆறு பேர் வகுப்பு கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் குறைந்தபட்ச எண்ணிக்கை சேராவிட்டால் வகுப்பையே ரத்து செய்யும் வழக்கமும் உண்டு. அந்த எண்ணிக்கை எத்தனை என்று கேளுங்கள்.

பாட விவரக் கையேட்டில் நாற்பது பாடம் இருக்கும். அந்தப் பாடம் எப்போது கடைசியாக நடந்தது என்பதுதான் கேள்வி. கடந்த நான்கு செமஸ்டர்களின் வகுப்பு அட்டவணையைப் பதிவாளர் பக்கத்தில் தேடி எடுத்து, பட்டத்துக்குக் கட்டாயமான மேல்நிலைப் பாடங்களை ஒவ்வொன்றாக டிக் அடித்துப் பாருங்கள். இரண்டாண்டுக்கு ஒருமுறை நடக்கும் பாடத்தை ஒருதரம் தவறவிட்டால் நான்காண்டுப் படிப்பு ஐந்தாகிவிடும். பாடப்பிரிவே போய்விடுவதும் உண்டு: வர்ஜீனியாவின் மேரிமவுன்ட் பல்கலைக்கழகம் 2023 பிப்ரவரியில் ஆங்கிலம், வரலாறு, கணிதம், மெய்யியல் உள்ளிட்ட ஒன்பது இளநிலைப் பாடப்பிரிவுகளை நிறுத்த முடிவெடுத்தது. அந்தப் பட்டியலில் இறையியலும் இருந்தது. கத்தோலிக்கக் கல்லூரி, இறையியலில் கைவைக்காது என்று நம்பியிருக்க முடியாது.

வளாகத்தில் வழிகாட்டி போகாத ஓர் இடத்துக்கு நீங்களாகவே போங்கள்: துறையின் தாழ்வாரம். கதவுகளில் ஒட்டியிருக்கும் சந்திப்பு நேரத் தாள் இந்த செமஸ்டருக்கு உரியதா? எத்தனை கதவுகளில் பெயர்ப்பலகை கழற்றப்பட்டிருக்கிறது? அறிவிப்புப் பலகையில் இருக்கும் கருத்தரங்கு எந்த ஆண்டு நடந்தது? பத்து நிமிடத்தில் துறைக்கு உயிர் இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

நர்சிங் என்றால் கேட்பது வேறு. முதலாண்டிலேயே நர்சிங்கில் இடம் உறுதியா, அல்லது இரண்டாம் ஆண்டில் மறுபடி போட்டியா? நர்ஸ் உரிமத்துக்கான என்கிளெக்ஸ் தேர்வின் தேர்ச்சி விகிதத்தைக் கல்லூரி சொல்லக் கேட்காமல், மாநில நர்சிங் வாரியத்தின் பக்கத்தில் பாருங்கள்.

எல்லாக் கத்தோலிக்கக் கல்லூரியும் ஒன்று என்று நினைப்பது

சென்னை லயோலாவிலோ திருச்சி செயின்ட் ஜோசப்பிலோ படித்த பெற்றோர் இதில் தடுக்கி விழுகிறார்கள். நம் ஊரில் கத்தோலிக்க மாணவருக்கு மறைக்கல்வி, மற்றவருக்கு அறநெறி வகுப்பு என்று பெரும்பாலும் பிரித்துவிடுவார்கள். அமெரிக்காவில் இறையியலும் மெய்யியலும் பல இடங்களில் எல்லோருக்கும் கட்டாயப் பாடம்; கிரெடிட் உண்டு, மதிப்பெண்ணும் சராசரியில் சேரும். எத்தனை பாடம், உலக மதங்கள் பற்றிய பாடத்தை அதற்கு ஈடாக எடுக்கலாமா என்று முன்பே தெரிந்துகொள்ளுங்கள். திருப்பலிக்கு வரச்சொல்லிப் பொதுவாக யாரும் கட்டாயப்படுத்துவதில்லை.

நடத்துபவர்களைப் பொறுத்து இடத்தின் குணமே மாறும். கலிஃபோர்னியாவின் தாமஸ் அக்குவைனஸ் காலேஜில் தனிப் பாடப்பிரிவே கிடையாது. எல்லோரும் ஒரே மூலநூல்களைப் படித்து விவாதிப்பார்கள். அலபாமாவில் 1830இல் தொடங்கி, 1847 முதல் இயேசு சபையார் நடத்திவரும் ஸ்பிரிங் ஹில் வழக்கமான கல்லூரி. ஸ்டூபன்வில்லின் ஃபிரான்சிஸ்கன் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் பலர் சின்னச் சின்ன ஜெபக் குழுக்களாகவே வாழ்கிறார்கள். பக்தியான பிள்ளைக்கு அது வரம். மற்றப் பிள்ளை தனித்துப் போகலாம். பெயர்ப்பலகையில் ஒரு துறவற சபையின் பெயர் இருந்தாலும், இன்றைக்கு எத்தனை அருட்பணியாளர்களோ அருட்சகோதரிகளோ வகுப்பெடுக்கிறார்கள் என்று கேளுங்கள். விடுதியில் எதிர்பாலார் வந்துபோகும் நேரம், மாணவர் மருத்துவமனை எவற்றைத் தரும், எவற்றைத் தராது என்பதெல்லாம் மாணவர் கையேட்டில் எழுத்தில் இருக்கும். கத்தோலிக்கர் அல்லாத மாணவர் ஒருவரோடு தனியாகப் பேச வாய்ப்பு கேளுங்கள்.

உதவித்தொகைக் கடிதத்தைப் பார்த்துச் சந்தோஷப்படுவது

தனியார் கல்லூரிகளில் அறிவிக்கும் கட்டணத்தை முழுதாகக் கட்டுபவர்கள் குறைவு. தள்ளுபடி பெரும்பாலோருக்கும் உண்டு. அதை விருது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பார்க்க வேண்டியது நான்காண்டுக் கணக்கு. உதாரணமாக, கட்டணம் 42,000 டாலர், உதவித்தொகை 24,000. முதலாண்டு 18,000 கட்டுகிறீர்கள். கட்டணம் ஆண்டுக்கு 4 சதவீதம் ஏறி, உதவித்தொகை அப்படியே நின்றால், நான்காம் ஆண்டில் 23,244 ஆகும். மொத்தத்தில் நினைத்ததைவிடப் பத்தாயிரம் டாலருக்கு மேல் கூடுதல். தொகை கட்டணத்தோடு சேர்ந்து ஏறுமா, அதைத் தக்கவைக்க எவ்வளவு ஜிபிஏ (மதிப்பெண் சராசரி) வேண்டும், தவறினால் ஒரு செமஸ்டர் அவகாசம் உண்டா, மூன்று ஆண்டு விடுதியில் தங்கியே ஆக வேண்டுமா, இவற்றுக்குப் பதில் மின்னஞ்சலில் வரட்டும். கல்லூரித் தளத்தில் உள்ள நிகர விலைக் கணிப்பான் உள்நாட்டு மாணவருக்கானது. எஃப்-1 மாணவர் அந்த எண்ணை நம்ப வேண்டாம்.

விளையாட்டு வீரர் எத்தனை பேர் என்பதையும் பாருங்கள். சில சின்னக் கல்லூரிகளில் பாதி மாணவர்கள் ஏதோ ஓர் அணியில் இருப்பார்கள். வாரக்கடைசியில் மற்றவர்களுக்கு வளாகம் வெறிச்சோடிக் கிடக்கும். முடிந்தால் ஓர் இரவு விடுதியில் தங்க அனுமதி வாங்குங்கள், அதுவும் வெள்ளிக்கிழமை.

திரும்பும் வழியிலேயே பெற்றோரும் பிள்ளையும் தனித்தனியாகக் குறிப்பெழுதிவிட்டுப் பிறகு பேசுங்கள். அப்பா முதலில் வாயைத் திறந்தால் பிள்ளையின் கருத்து வெளியே வராது. முன்பணம் கட்டப் பல கல்லூரிகளுக்கு மே 1தான் கடைசி நாள், ஆகவே உதவித்தொகை பற்றிய மேல்முறையீட்டை ஏப்ரல் தொடக்கத்திலேயே அனுப்பிவிடுங்கள்.