முதலில் மடிப்பு, அப்புறம் பெயர்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம், சனிக்கிழமை மாலையில் கோயில் மண்டபத்தில் படிவம் 1, 2 (இடைநிலைப்பள்ளியின் முதல் இரண்டு வகுப்பு) பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். பாதிப் பேர் தோட்டத்திலிருந்து வருகிறவர்கள். தமிழ்ப்பள்ளியில் செங்குத்துக் கோடு என்று படித்த பிள்ளைக்கு இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் அதே கோடு மலாயில் 'காரிஸ் செரென்ஜாங்' ஆகிவிடுகிறது. பெயரில் தடுக்கி விழுந்துவிட்டு, தனக்குக் கணக்கே வராது என்று முடிவுகட்டிவிடுகிறான். அதனால் நான் முதலில் தாளை மடிக்க விடுகிறேன், பெயரெல்லாம் பிறகுதான்.

சாதாரண ஏ4 தாள் போதும், ஓரிகாமித் தாள் வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம். காற்றாடியை நிறுத்திவிடுங்கள். மழைக் காலத்தில் நமுத்த தாளில் மடிப்பு நிற்காது, 50 சென் காசின் விளிம்பால் ஒருமுறை அழுத்தித் தேய்த்தால் சரியாகிவிடும்.

தாளின் குறும் பக்கம் நீளப் பக்கத்தின் மேல் அப்படியே படியும்படி ஒரு மூலையை மடியுங்கள். 45 பாகை கிடைத்துவிட்டது. இப்போது அந்தச் சாய்ந்த மடிப்பை இன்னொரு தாளின் நீளப் பக்கத்தோடு ஒட்டிவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், இரண்டும் ஒரே நீளம்! தாளின் அகலம் 210 மி.மீ., நீளம் 297. அந்த மடிப்பு 210 மி.மீ. பக்கமுள்ள சதுரத்தின் மூலைவிட்டம். 210இன் வர்க்கத்தை இரட்டித்தால் 88,200, 297இன் வர்க்கம் 88,209. அந்த 9 எங்கிருந்து வந்தது என்று எவனாவது கேட்டால் அவனுக்கு ஒரு கறிபாப் பலகாரம் வாங்கிக்கொடுங்கள், மில்லிமீட்டரை முழு எண்ணாக்கியதால் வந்த வித்தியாசம்தான் அது. பிதாகரஸ் தேற்றத்துக்கு இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை.

அடுத்து, பேனாவால் இரண்டு புள்ளி அழுத்தமாக வைத்து, தாளை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, ஒரு புள்ளி இன்னொன்றின் மேல் விழும்படி மடியுங்கள். அந்த மடிப்பில் எந்த இடத்தைத் தொட்டாலும் இரண்டு புள்ளிக்கும் ஒரே தூரம், மடித்தால் இரண்டும் ஒன்றாகிவிடுகிறதே! இதைப் பிள்ளைகள் தாங்களாகச் சொன்ன பிறகு பலகையில் எழுதுங்கள்: செங்குத்து இருசமவெட்டி, அதன் கீழே 'பெம்பஹாகி டுவா சாமா செரென்ஜாங்'. கையில் இருக்கும் கோட்டுக்குப் பெயர் வைப்பது அவர்களுக்குப் பெரிய விஷயமில்லை.

கடைசியாக முக்கோணம். ஆளுக்கொன்று வெட்டச் சொல்லுங்கள், ஆனால் நீளமான பக்கம் அடியில் இருக்கட்டும். முதல் தடவை இதைச் சொல்ல மறந்துவிட்டேன், விரிகோண முக்கோணத்தோடு ஒருவன் எழுந்து, "சார், என் மூலை வெளியே தொங்குது" என்றான், நான் அசடு வழிந்தேன். அடிப்பக்கம் தன்மேலேயே படியும்படி, உச்சி வழியாக ஒரு மடிப்பு போட்டால் அது அடியைத் தொடும் இடம் தெரியும். அதைப் பிரித்துவிட்டு, உச்சியை அந்த இடத்துக்குக் கொண்டுவந்து மடியுங்கள், அப்புறம் மற்ற இரண்டு மூலைகளையும் அங்கேயே. மூன்று கோணமும் தோளோடு தோள் நின்று நேர்கோடாகிவிடும், 180 பாகை.

உடனே பிரிக்க விடாதீர்கள். கையில் இருப்பது இப்போது ஒரு செவ்வகம், எங்கே தொட்டாலும் இரண்டடுக்கு. அதன் நீளம் அடிப்பக்கத்தில் பாதி, உயரம் முக்கோணத்தின் உயரத்தில் பாதி. அப்படியென்றால் முழு முக்கோணத்தின் பரப்பளவு எவ்வளவு என்று கேட்டுவிட்டு நீங்கள் பேசாமல் இருங்கள்.