கலைஞரும் விஞ்ஞானியும் சேர்ந்து நிதி கேட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

துறைமுகம் கட்டிய பிறகு கரைந்துபோன புதுச்சேரிக் கடற்கரை, பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடு, வில்லியனூர் சுடுமண் என்று கலைஞரும் விஞ்ஞானியும் சேர்ந்து ஆராய நம் பக்கம் விஷயத்துக்குப் பஞ்சமில்லை. விண்ணப்பங்களும் எழுதத்தான் செய்கிறார்கள். பட்ஜெட் பக்கத்துக்கு வந்ததும் எல்லாம் சாயம் வெளுத்துவிடுகிறது.

பெரிய தவறு, கலைஞரைக் கடைசி வரியில் எழுதுவது. கடல் அரிப்பு பற்றிய திட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வாளருக்கு மாதச் சம்பளம், படகு வாடகை, கருவி, பயணப்படி எல்லாம் வரிசையாக இருக்கும். அடியில் 'விழிப்புணர்வுத் தெருக்கூத்து, ஒரு நிகழ்ச்சி' என்று ஒரு தொகை. ஆய்வெல்லாம் முடிந்தபின் கூத்து வாத்தியாரைக் கூப்பிட்டு, "இதையும் கதையில சேர்த்துப் பாடிடுங்க" என்று நாலு தாளை நீட்டுவார்கள். இதில் கூட்டு ஆராய்ச்சி எங்கே இருக்கிறது?

அவர் முதல் நாளே கூட இருந்தால், கடலூர் பக்கத்துக் கடலோர ஊரான தேவனாம்பட்டினத்துப் பெரியவர்களிடம் முன்பு மணல் எதுவரை இருந்தது, வலையை எங்கே காயவைத்தார்கள் என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டு வாங்குவார். கேள்வித்தாளோடு போகிறவருக்கு அந்தப் பதில் கிடைக்காது. அதற்கு அவருக்கும் மாதக் கணக்கில் பணம் ஒதுக்க வேண்டும், ஒத்திகை நாளையும் வேலைநாளாகக் கணக்கிட வேண்டும். பங்குனி தொடங்கி ஆடி வரை திரௌபதி அம்மன் கோயில்களில் கூத்து நடக்கும் காலம். அப்போது அவரைக் கூப்பிட்டால் ராத்திரிக் கூலி போய்விடும். அதற்கு ஈடு எழுதாவிட்டால் வாத்தியார் வரமாட்டார், ஜமாவில், அதாவது தன் கூத்துக் குழுவில், சின்னப் பையன் ஒருவனை அனுப்பிவைப்பார்.

அடுத்தது நாள்காட்டி. ஒப்புதல் கடிதம் வந்து, முதல் தவணை கைக்கு வர ஐப்பசி ஆகிவிட்டதென்றால் வில்லியனூரில் என்ன செய்ய முடியும்? அடைமழையில் வனைந்தது காயாது, சூளையும் மூட்ட முடியாது. தை பிறந்து வேலை சூடுபிடிக்கும்போது மார்ச் 31 வந்து நிற்கும். செலவுச் சான்றிதழ் கேட்பார்கள். அவசரத்தில் ஒரு கேமராவும் லேப்டாப்பும் வாங்கிக் கணக்கை முடித்த திட்டங்கள் ஊருக்கு ஊர் உண்டு. விண்ணப்பத்திலேயே எந்த மாதம் எந்த வேலை என்று மழையையும் சேர்த்து எழுதுங்கள். கூடுதல் பணம் கேட்காத காலநீட்டிப்புக்கு வழி உண்டா என்று கையெழுத்திடும் முன்பே கேட்டுவிடுங்கள்.

திறப்பு விழாவோடு பட்ஜெட்டை நிறுத்துவதும் தவறுதான். 1970இல் ஒசாகா உலகக் கண்காட்சியில் பெப்சி நிறுவனத்துக்காகக் கலைஞர்களும் பொறியாளர்களும் சேர்ந்து ஒரு கூடம் அமைத்தார்கள். ஜப்பானியக் கலைஞர் ஃபுஜிகோ நகாயா அதன் கூரையையே செயற்கை மூடுபனியால் மூடினார். ஆனால் அதை நடத்திப் பராமரிக்கும் செலவில் தகராறு வந்து, உருவாக்கிய குழுவே சீக்கிரத்தில் வெளியேற வேண்டியதாயிற்று. நம் கடற்கரையில் வைக்கிற எதற்கும் உப்புக்காற்று வேறு இருக்கிறது. துருவுக்கும் பட்ஜெட்டில் ஒரு வரி எழுதுங்கள்.

புதுச்சேரிக்கென்றே ஒரு தவறு உண்டு: "பிரான்ஸில் தெரிந்தவர் இருக்கிறார், பணம் வந்துவிடும்." வரும், ஆனால் வெளிநாட்டு நன்கொடை என்றால் எஃப்.சி.ஆர்.ஏ. எனப்படும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி பதிவோ முன்அனுமதியோ வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு, அப்படி வந்த பணத்தை இன்னோர் அமைப்புக்கு மானியமாகப் பிரித்துக் கொடுக்க முடியாது. நிர்வாகச் செலவும் 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. கல்லூரி பணத்தை வாங்கி நாடகக் குழுவுக்குக் கொடுத்துவிடலாம் என்ற ஏற்பாடு இங்கேதான் அடிபடும்.

பணம் கொடுக்கும் முறையையும் முன்பே பேசிவிடுங்கள். வரி பிடிக்க வேண்டிய தொகையாக இருந்து பான் எண்ணும் இல்லையென்றால் 20 சதவீதம் போய்விடும். ஜமாவில் யாரிடம் பான் இருக்கிறது, வங்கிக் கணக்கு யார் பெயரில் என்பதை முதல் தவணைக்கு முன்னால் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.