நிலத்திலிருந்து தொடங்குங்கள்: கூரை அன்ரெனாவுக்கு மின்னல் காப்பு அமைக்கும் முறை

திருகோணமலையில் வீட்டுக் கூரைக்கு மேல் அன்ரெனா ஏற்றுபவர்கள் பெரும்பாலும் வேலையைக் கூரையிலேயே தொடங்குகிறார்கள். குழாயை நிறுத்தி, படம் தெளிவாக வரும் பக்கத்துக்குத் திருப்பி, கேபிளை யன்னல் வழியாக உள்ளே இழுத்து முடித்த பிறகு, பொழுதும் காசும் மிஞ்சினால் எர்த் கம்பியைப் பற்றி யோசிக்கிறார்கள். இந்த ஒழுங்கைப் புரட்டிப் போட வேண்டும் என்பதே நான் இங்கே சொல்ல வந்தது. முதலில் எர்த் (நிலத்தில் அடிக்கும் உலோகக் கம்பி), அடுத்து அதற்கு இறங்கும் செப்புக் கம்பி, அதன் பிறகு குழாயும் அன்ரெனாவும், கடைசியாகக் கேபிள் என்று போனால், வேலையின் எந்தக் கட்டத்திலும் காப்பில்லாத உலோகம் வானத்தைப் பார்த்து நிற்காது.

இதை நான் நட்டப்பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். சில வருடங்களுக்கு முன் ஓர் ஒக்டோபர் மாலை, எங்கள் வீட்டில் தொலைக்காட்சியும் ரவுட்டரும் ஒரே நொடியில் செத்துப் போயின. கூரையில் அன்ரெனாவுக்கு ஒரு கீறலும் இல்லை. மின்னல் வீட்டில் விழவுமில்லை. அடுத்த வளவுப் பனையில்தான் விழுந்திருந்தது. தொலைக்காட்சிக்குப் பின்னால் நான் வாங்கிப் பூட்டிய சேர்ஜ் அரெஸ்டர் (கேபிளில் வரும் மிகை மின்னழுத்தத்தை நிலத்துக்குத் திருப்பும் சிறு கருவி) அப்படியே இருந்தது. அதிலிருந்து போன பச்சைக் கம்பி தேவைக்கு மேல் நீளமாக இருந்ததால், மிச்சத்தை அழகாக வளையம் வளையமாகச் சுருட்டி நூலால் கட்டி வைத்திருந்தேன். மறுமுனை குசினி மூலையில் இரண்டடி ஆழத்துக்கு அடித்த ஓர் இரும்புக் கம்பியில் போய் முடிந்தது. வீட்டின் பிரதான எர்த்துக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இருக்கவில்லை. அந்தச் சுருளும், ஆழமில்லாத கம்பியும், தனித்து நின்ற எர்த்தும் சேர்ந்து காசு கொடுத்து வாங்கிய காப்பை வெறும் அலங்காரமாக்கி விட்டன.

சுருட்டிய கம்பி ஏன் கெடுதல் என்பதை விளங்கிக்கொண்டால் மற்ற விதிகள் எல்லாம் தாமாகவே விளங்கும். சாதாரண மின்னல் வீச்சொன்றில் 30,000 அம்பியர் அளவுக்கு மின்னோட்டம் பாயலாம். அதுவும் ஓரிரு மைக்ரோ செக்கனில் உச்சத்துக்கு ஏறிவிடும். அவ்வளவு வேகமாக ஏறும் மின்னோட்டத்துக்கு நேரான செப்புக் கம்பியே தடையாக நிற்கிறது. ஒரு மீற்றர் கம்பிக்கு ஏறத்தாழ ஒரு மைக்ரோஹென்றி தூண்டல் (மின்னோட்டம் திடீரென மாறுவதை எதிர்க்கும் குணம்) இருப்பதால், முழு வீச்சும் அதனூடாகப் போனால் ஒவ்வொரு மீற்றரிலும் 10,000 வோல்ற்றுக்கு மேல் தேங்கும். சுருட்டினால் அந்தத் தடை பன்மடங்காகும். அவ்வேளையில் மின்னோட்டம் கம்பியை விட்டுப் பக்கத்தில் கிடைக்கும் இலகுவான வழியில், அதாவது தொலைக்காட்சியின் உள்ளே அல்லது அதைத் தொட்டுக்கொண்டு நிற்கும் ஆளின் ஊடாகப் பாயும். ஆகவே எர்த்துக்கு இறங்கும் செப்புக் கம்பி குட்டையாகவும் நேராகவும் தடிப்பாகவும் இருக்க வேண்டும்; வளைத்தே ஆக வேண்டிய இடத்தில் முழங்கை மடிப்பாக மடிக்காமல் அகன்ற வளைவாகக் கொண்டு போக வேண்டும்.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். அரெஸ்டர் மின்னலைத் தடுக்கும் கருவி அல்ல. அருகில் விழும் மின்னல் கேபிளில் தூண்டிவிடும் மிகை மின்னழுத்தத்தையும், காய்ந்த காற்றில் அன்ரெனாவில் சேரும் நிலைமின்னையும் அது நிலத்துக்குத் திருப்பி விடும். அன்ரெனா மேலேயே நேராக விழும் மின்னலில் கருவிகள் பிழைக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. அப்போது நல்ல எர்த் செய்வது வீட்டையும் ஆட்களையும் காப்பாற்றுவதைத்தான். கோபுரம், பாடசாலை, மாடிக் கட்டடம் போன்ற உயர்ந்த கட்டடங்களுக்கு முழுமையான மின்னல் கடத்தி அமைப்பு வேண்டும். அதைப் பொறியியலாளர் ஒருவரே திட்டமிட வேண்டும்.

எங்கள் பக்கத்தில் இடி மின்னல் மார்ச், ஏப்பிரல் மாதங்களிலும், வாடை தொடங்குவதற்கு முந்திய ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும்தான் மிகுதி. பெரும்பாலும் பிற்பகலுக்குப் பிறகே வரும். எனவே இந்த வேலைக்கு ஜூலை, ஓகஸ்ட் மாதங்களே பொருத்தம். கச்சான் காற்று பகல் ஏற ஏற வலுக்கும் என்பதால் கூரை வேலையைக் காலையிலேயே முடித்துவிடுவது நல்லது. ஓகஸ்ட்டைத் தெரிவு செய்வதற்கு வேறொரு காரணமும் உண்டு: நிலம் அப்போது காய்ந்து கிடக்கும். மாரியில் நனைந்த மண்ணில் அளந்தால் எந்த எர்த்தும் நல்ல எர்த்தாகத் தோன்றும்.

எர்த்துக்கு 16 மில்லிமீற்றர் விட்டமும் 2.4 மீற்றர், அதாவது எட்டடி நீளமும் கொண்ட, செப்பு பூசிய உருக்குக் கம்பியை வாங்குங்கள். சுவரிலிருந்து அரை மீற்றருக்குக் குறையாமல் தள்ளி, வாசற்படி, கிணற்றடி, ஆடு மாடு கட்டும் இடம் ஆகியவற்றுக்கு எட்டத்தில் அடியுங்கள். மின்னல் நிலத்தில் இறங்கும் நேரத்தில் அதைச் சுற்றியுள்ள தரையிலும் மின்னழுத்தம் பரவும். உப்புவெளி, நிலாவெளி போன்ற கரையோர மணலில் கம்பி இலகுவாக இறங்கும். அங்கே நீர்மட்டம் ஆழமில்லாததால், நுனி ஈர மணலைத் தொடும் வரை அடித்தால் நல்ல பலன் கிடைக்கும். மேல்மணல் மட்டும் எர்த்துக்கு உதவாது. பாறைப் பாங்கான இடங்களில் கம்பி இடையிலேயே நின்றுவிடும். அதை வெட்டிக் குட்டையாக்கி மூடிவிடாதீர்கள். வேறு இடத்தில் சற்றுச் சாய்வாக அடித்துப் பாருங்கள். அல்லது இரண்டு, மூன்று கம்பிகளை ஒன்றுக்கொன்று ஐந்து மீற்றர் இடைவெளியில் அடித்துச் செப்புக் கம்பியால் இணையுங்கள். எர்த் ரெஸ்ரர் (எர்த்தின் மின்தடையை அளக்கும் கருவி) வைத்திருக்கும் ஒருவரைக் கொண்டு அளந்தால் 10 ஓமுக்குக் குறைவாக வருவது நல்லது.

குழிக்குள் உப்பும் கரியும் போடும் பழைய வழக்கத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். உப்பு சில மழைக்குள் கரைந்து போய்விடும்; போவதற்குள் கம்பியையும் இணைப்பையும் அரித்துவிடும். கடற்காற்று ஏற்கெனவே செய்கிற வேலைக்கு நாமும் கை கொடுக்க வேண்டியதில்லை. தண்ணீர்க் குழாயில் எர்த் கட்டும் பழக்கமும் இன்று பொருந்தாது, ஏனெனில் வளவுக்குள் ஓடுவது பெரும்பாலும் பிளாஸ்ரிக் குழாய்.

அன்ரெனாவுக்கு அடித்த எர்த்தை வீட்டின் பிரதான எர்த்தோடு 16 சதுர மில்லிமீற்றர் செப்புக் கம்பியால் கட்டாயம் இணைக்க வேண்டும். பலர் இதற்கு அஞ்சுகிறார்கள். மின்னலை வீட்டு வயரிங்குக்குள் அழைப்பதாக நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறானது. இரண்டு எர்த்தும் தனித்தனியாக இருந்தால், மின்னல் நேரத்தில் ஒன்று பல்லாயிரம் வோல்ற் உயர்ந்து நிற்க மற்றது தாழ்ந்து நிற்கும். ஒரு பக்கம் அன்ரெனாக் கேபிளும் மறு பக்கம் மின்செருகியும் தொடுகின்ற ஒரே பொருள் தொலைக்காட்சி என்பதால், அந்த வித்தியாசம் முழுவதும் அதற்குள்ளேயே தீரும். எங்கள் வீட்டில் நடந்ததும் இதுவே. இரண்டையும் இணைத்துவிட்டால் வீட்டின் எல்லா உலோகமும் ஒன்றாக உயர்ந்து ஒன்றாக இறங்கும். பிரதான சுவிட்சுப் பலகையில் கை வைக்கும் இந்த இணைப்பை, தகுதி பெற்ற மின் வேலையாளரிடம் ஒப்படையுங்கள்.

அடுத்ததாக, குழாய் நிற்கும் இடம். வீதியில் ஓடும் மின்கம்பிகளையும் வீட்டுக்கு வரும் இணைப்புக் கம்பியையும் பார்த்து, குழாயும் அன்ரெனாவும் சேர்ந்த முழு உயரத்தின் ஒன்றரை மடங்கு தூரம் விலகியிருக்கிறதா என்று அளந்து கொள்ளுங்கள். எப்பக்கம் சாய்ந்து விழுந்தாலும் கம்பியைத் தொடக்கூடாது. கூரை வேலையில் மின்னலை விட உடனடியான ஆபத்து, நிமிர்த்தும் போது குழாய் மின்கம்பியில் முட்டுவதே. அலுமினிய ஏணியும் அதே காரணத்தால் ஆபத்தானது. தென்னையிலோ பனையிலோ அன்ரெனாவைக் கட்டுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மரம் காற்றில் ஆடும்போது திசை கெடுவது சிறிய குறை. வளவிலேயே மின்னல் முதலில் தேடும் பொருளில் நம் கேபிளைக் கட்டி வீட்டுக்குள் கொண்டு வருவது பெரிய பிழை.

நாகம் பூசிய ஒன்றரை அங்குல இரும்புக் குழாய் போதும். தாங்கலுக்கு மேலே மூன்று மீற்றருக்கு அதிகமாக எழும்பினால் மூன்று பக்கமும் இழுகம்பி கட்டுங்கள். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவி சூறாவளி திருகோணமலைக்கு வடக்கே கரை கடந்ததை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஓட்டுக் கூரையில் ஓட்டின் மேல் பாரம் வைக்காமல், சுவரிலோ முகட்டு வளையிலோ தாங்கியைப் பூட்டுங்கள். ஏணியின் அடி, சுவரிலிருந்து ஏறும் உயரத்தின் நான்கில் ஒரு பங்கு தள்ளி இருக்கட்டும். தலை கூரை விளிம்புக்கு மேல் ஒரு மீற்றர் நீட்டி நிற்கட்டும். கீழே ஏணியைப் பிடிக்க ஓர் ஆள் இல்லாமல் ஏறாதீர்கள்.

இடம் பொருந்தினால் கூரைக்கு ஏறாமலே விடலாம். கூரை விளிம்பிலிருந்து இரண்டு மீற்றருக்கு மேல் தாழ்வாகவும், சுவரிலிருந்து ஒன்றரை மீற்றருக்குள்ளும் அன்ரெனா நின்றால், அதற்கெனத் தனி எர்த் வேண்டியதில்லை என்று சர்வதேசத் தரங்களே விலக்களிக்கின்றன. ரவுட்டருக்கான சிறிய 4ஜி அன்ரெனாவுக்குப் பல வீடுகளில் இந்த இடமே போதும்.

குழாயின் அடியிலிருந்து நிலத்தில் அடித்த எர்த் கம்பி வரை 16 சதுர மில்லிமீற்றர் செப்புக் கம்பியை வெளிச்சுவர் வழியாக நேராக இறக்குங்கள். வீட்டுக்குள் கொண்டு போக வேண்டாம். கிளிப் பூட்டும் இடத்தில் குழாயின் பெயின்றையும் துருவையும் உலோகம் பளிச்சிடும் வரை சுரண்ட வேண்டும். செப்பு நாகம் பூசிய இரும்பை நேரடியாகத் தொட்டால் உப்புக் காற்றில் நாகம் விரைவாகத் தின்னப்படும். இடையில் துருப்பிடிக்காத உருக்கு அல்லது வெள்ளீயம் பூசிய கிளிப் வையுங்கள். இறுக்கிய பின் கிறீஸ் தடவி மூடுங்கள்.

அரெஸ்டருக்கு உரிய இடம், கேபிள் வீட்டுக்குள் நுழைவதற்குச் சற்று முன், வெளிச்சுவரில், எர்த்துக்கு மிக அண்மையில். தொலைக்காட்சிக் கேபிளான ஆர்ஜி-6க்கு 75 ஓம் அரெஸ்டரும், 4ஜி அன்ரெனாக் கேபிளுக்கு 50 ஓம் அரெஸ்டரும் வேண்டும்; 4ஜி அன்ரெனாவில் இரண்டு கேபிள் இருந்தால் இரண்டுக்கும் தனித்தனியே வையுங்கள். குழாயில் பூஸ்ரர் (சிக்னலைப் பெருக்கும் கருவி) பூட்டியிருந்தால், கேபிள் வழியாக அதற்கு மின் போவதை மறிக்காத வகையைக் கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் பூட்டியவுடன் படம் போய்விடும். வாயுக் குழல் கொண்ட அரெஸ்டர் நல்ல தெரிவு, ஏனெனில் குழலை மட்டும் மாற்றலாம். சுவர்த் துளைக்கு முன் கேபிளை ஒரு சாண் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றினால் மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். வெளியே உள்ள ஒவ்வொரு இணைப்பையும், தன்னோடு தானே ஒட்டி உருகும் இறப்பர் நாடாவால் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள். அதைச் சுற்றாத இணைப்பொன்றை நான் கழற்றியபோது, கேபிளுக்குள் இருக்கும் உலோகக் கவசப் பின்னல் பச்சைத் தூளாகக் கையில் கொட்டியது.

ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதே என்று ஆறுதல் கொள்ள வேண்டாம். அது மனிதருக்கு மின்கசிவிலிருந்து காப்புத் தருவது. மைக்ரோ செக்கனில் வரும் மின்னலுக்கு முன்னால் அது அசையக்கூட நேரமில்லை. மின்கம்பி வழியாக வரும் எழுச்சிக்குப் பிரதான பலகையில் இரண்டாம் வகை (Type 2) சேர்ஜ் காப்புக் கருவி தனியாக வேண்டும். தொலைபேசிச் செப்புக் கம்பியும் இன்னொரு நுழைவாயில் என்பதை மறக்க வேண்டாம்.

இத்தனையும் செய்த பிறகும், வானம் கறுக்கும் போது அன்ரெனாக் கேபிளையும் மின்செருகியையும் கழற்றி வைப்பதே மிக உறுதியான காப்பு. ஆனால் அதை இடி கேட்பதற்கு முன் செய்ய வேண்டும். இடி கேட்கத் தொடங்கினால் கேபிளையும் குழாயையும் தொடாதீர்கள். கடைசி இடியோசைக்குப் பிறகு 30 நிமிடம் கழியும் வரை கூரைப் பக்கம் போகாதீர்கள்.

ஒவ்வோர் ஓகஸ்ட்டிலும் கிளிப்புகளை இறுக்கி, நாடா வெடித்திருக்கிறதா என்று பார்த்து, எர்த்தை மீண்டும் அளந்து பாருங்கள். அளந்த ஓம் அளவையும் திகதியையும் சுவிட்சுப் பலகைக் கதவின் உட்புறத்தில் எழுதி வைத்தால், அடுத்த முறை எண் ஏறியிருக்கும்போது எந்தக் கிளிப்பை முதலில் கழற்றிப் பார்ப்பது என்று தேட வேண்டியதில்லை; பெரும்பாலும் எர்த் கம்பியின் தலையில், மண்ணுக்குச் சற்று மேலே உள்ளதுதான் பச்சை பிடித்திருக்கும்.