ராகிக் களத்தில் கேமரா: முதலில் காற்று, அப்புறம் வெயில்

அறுவடையைப் படமெடுக்கப் பலரும் போகிறார்கள். அறுவடை முடிந்தபின் வயல் பக்கம் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை, அதுதான் காலியாகிவிட்டதே என்று நினைப்பு. பெங்களூரைச் சுற்றியுள்ள ராகி நிலத்தில் வேலை சூடுபிடிப்பதே அதற்கப்புறம்தான். நவம்பர், டிசம்பரில் அறுத்த தாளைக் கிடையாகப் போட்டுக் காயவைத்து, கட்டாகக் கட்டி, போராக அடுக்கி, சில வாரம் கழித்துப் பிரித்துக் களத்தில் மிதித்து, தூற்றி, மூட்டை பிடிக்க வேண்டும். பொங்கலைத் தாண்டியும் இது ஓடும். கையில் வெறும் செல்போன் இருந்தாலும் போகலாம். கேமரா இருந்தால் இன்னும் கொஞ்சம் விளையாடலாம், அவ்வளவுதான்.

எங்கே, எப்போது

நான் போவது ஆனேக்கல் பக்கம். பெங்களூர் கே.ஆர். மார்க்கெட்டிலிருந்து பஸ் இருக்கிறது. ஓசூர் ரோட்டில் சந்தாபுராவில் திரும்பினால் போதும், சுமார் 35 கிலோமீட்டர். தேவனஹள்ளி, ஹொஸ்கோட்டே, மாகடி பக்கமும் ராகி உண்டு. ஆனால் ஆனேக்கல் பக்கத்தில் நமக்கு ஒரு வசதி: ஒரே வாக்கியத்தில் கன்னடமும் தெலுங்கும் தமிழும் வரும், அசடு வழியாமல் பேசிவிடலாம்.

டிசம்பரில் இங்கே சூரியன் மறைய 6 மணி ஆகிவிடும். மதியம் 3 மணிக்குக் களத்தில் இருங்கள். காலையில் போனால் பனிமூட்டம் அழகாகத்தான் இருக்கும், ஆனால் ஈரத் தாளை யாரும் மிதிக்க மாட்டார்கள். வெயில் ஏறினபிறகுதான் களத்தில் ஆள் இறங்கும்.

கேமராவை வெளியே எடுக்காதீர்கள்

பெங்களூர் ஓரத்தில் நிலத்தருகே கேமராவோடு நிற்பவன் என்றால் ஒன்று சர்வேக்காரன், இல்லை லேஅவுட் புரோக்கர். முதல் தடவை என்னைப் பார்த்த ஒருவர் கேட்ட முதல் கேள்வியே, "சென்ட் என்ன ரேட்டு போகுதுன்னு பாக்க வந்தியா?" அதனால் பையைத் திறக்குமுன் பேசுங்கள். செருப்பைக் கழற்றிவிட்டுக் களத்தில் ஏறுங்கள். கன்னடத்தில் அதைக் கண என்பார்கள், குவித்த தானியத்தை ராசி என்பார்கள். ராசிக்குப் பூஜை போட்டுவிட்டு அளக்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. நம் ஊரில் பொலியை, அதாவது களத்தில் குவித்த நெல்லை, தாண்டக் கூடாது என்பார்களே, அதே மரியாதைதான்.

ஒரு பாட்டியிடம், "எடுக்கட்டுமா பாட்டி?" என்றேன். "எடுக்கலாம் எடுக்கலாம், முதல்ல அந்த மூட்டை வாயைப் பிடி" என்றார். ஆறு மூட்டைக்கு வாயைப் பிடித்தேன். அதற்குப்பின் நான் அங்கே நிற்பதையே எல்லோரும் மறந்துவிட்டார்கள். அன்று கிடைத்த படங்கள் எல்லாம் அந்த ஆறு மூட்டைக்குப் பிறகு எடுத்தவை.

எந்தப் பக்கம் நிற்பது

இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்று சொல்லியே வளர்ந்தவர்கள் நாம். காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று மட்டும் பார்ப்பதில்லை.

குளிர்காலத்தில் பெங்களூரில் பெரும்பாலும் கிழக்கு, வடகிழக்கிலிருந்து காற்று வரும். முறத்தைத் தலைக்குமேல் தூக்கிச் சரிக்கும்போது ராகி நேரே காலடியில் விழுகிறது. உமியும் தூசியும் காற்றோடு மேற்கே போகின்றன. மாலையில் சூரியன் இருப்பதும் தென்மேற்கில்தான். ஆக, நீங்கள் தூற்றுபவருக்குக் கிழக்கே, காற்றுக்கு முதுகு காட்டி நின்றால், உமி உங்களை விட்டு விலகிச் சூரியனை நோக்கிப் போகும். பின்னாலிருந்து வெளிச்சம் பாய்ந்து ஒவ்வொரு தூசியும் பொன்னாக எரியும். லென்ஸும் சுத்தமாக இருக்கும்.

காலையில் இதே படம் வேண்டுமென்றால் சூரியனைப் பார்க்க மேற்கே நிற்க வேண்டும். அத்தனை தூசியும் உங்கள் முகத்துக்குத்தான். முதல் வருஷம் நான் செய்தது அதுதான். போதாக்குறைக்கு அங்கேயே நின்று லென்ஸை மாற்றினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் வானத்தில் எல்லாம் கறுப்புப் புள்ளி, அதுவும் அபெர்ச்சரை, அதாவது லென்ஸின் துளையை, 16 வரை சுருக்கி எடுத்த படங்களில் எண்ணிவிடலாம் போல. கேமராவுக்குள் படத்தைப் பிடிக்கிற சென்சாரில் தூசி உட்கார்ந்துவிட்டது, சுத்தம் செய்யக் கடையில் கொடுத்தேன். களத்தில் லென்ஸ் மாற்றாதீர்கள், ஒன்றோடு போங்கள். கண்ணாடியில் தூசி உட்கார்ந்தால் துணியால் தேய்க்காமல் முதலில் ஊதுபம்பால் ஊதுங்கள்.

காற்று அன்றைக்கு வேறு திசையில் இருந்தால்? ஒரு பிடி உமியை மேலே விட்டுப் பாருங்கள். தூற்றுபவர்களும் அப்படித்தான் பார்க்கிறார்கள்.

பின்னால் என்ன இருக்கிறது

உமி தெரிய வேண்டுமானால் அதற்குப் பின்னால் இருட்டாக ஏதாவது வேண்டும். வெளிறிய வானத்தின் முன் அது காணாமல் போய்விடும். ஆனேக்கல் பக்கம் தைலமரத் தோப்புக்குப் பஞ்சமில்லை. மாலையில் தோப்பின் நிழல் பக்கம் நம்மைப் பார்த்திருக்கும், கறுப்புத் திரை கட்டியதுபோல. குனிந்து எடுத்தால் வானம்தான் வரும். டிராக்டர் டிரெய்லர் மேல் ஏறி நின்றால் தோப்பும் தரையும் வரும். ஏறட்டுமா என்று கேட்டுவிட்டு ஏறுங்கள்.

அளவுகள்

உமியும் ராகியும் புள்ளி புள்ளியாக உறைந்து நிற்க ஷட்டரை 1/1000 நொடியில் வையுங்கள். 1/60க்கு இறக்கினால் விழும் ராகி ஒவ்வொன்றும் விரல் நீளக் கோடாக இழுபடும், முறம் பிடித்த கையும் கலங்கும். இரண்டும் எடுத்துப் பாருங்கள். எனக்குப் பிடித்தது இடைப்பட்ட 1/250: முகம் தெளிவு, தானியம் மட்டும் ஓடும். அபெர்ச்சர் 5.6, ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்வு) 200இல் ஆரம்பித்து வெளிச்சத்துக்குத் தக்கபடி ஏற்றுங்கள். எதிர்வெளிச்சத்தையும் இருண்ட தோப்பையும் சேர்த்துப் பார்த்தால் கேமரா குழம்பிப் படத்தை வெளுக்க வைக்கும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப், அதாவது பாதி வெளிச்சமாக, குறையுங்கள்.

செல்போனில்: தூற்றுபவரின் தோள்மேல் விரலை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸுக்கும் வெளிச்சத்துக்கும் பூட்டு விழும், சூரியக் குறியைக் கீழே இழுங்கள், பர்ஸ்ட் போட்டு மளமளவென்று பல படம் எடுங்கள். சரி, அவ்வளவே.

தூற்றல் நிற்கும்போது

காற்று விழுந்தால் எல்லோரும் உட்கார்ந்துவிடுவார்கள். நீங்கள் உட்காராதீர்கள். ராகி கடுகளவு, செம்பழுப்பு நிறம். அதில் அளைந்த கை முழங்கைவரை செம்மண் பூசியதுபோல இருக்கும், நகக்கண்ணில் உமி. அதை ஒரு சாண் தூரத்தில் எடுங்கள். அடுத்தது போர். ராகித் தாள் மாட்டுக்கு உயிர், அதனால் அதை வீடு கட்டுகிற கவனத்தோடு அடுக்குவார்கள். மேலே நிற்பவருக்குக் கீழிருந்து கட்டு வீசுகிறார்களே, கட்டு காற்றில் இருக்கும் அந்த நொடியை எடுங்கள். பின்னால் பதினைந்து மாடி அபார்ட்மென்ட் தெரிந்தால் வெட்டாதீர்கள். அது இல்லாத படத்தை எந்த ஊரிலும் எடுக்கலாம்.

ரோட்டில் தாளைப் பரப்பி வண்டிகளை ஏறவிடுவதும் உண்டு. பைக் அதில் வழுக்கும், சூடான சைலன்சரில் தாள் சுற்றினால் பற்றிக்கொள்ளும். அதை ஓரத்தில் நின்று மட்டும் எடுங்கள்.

திரும்பிப் போங்கள்

நாலைந்து படங்களை அஞ்சலட்டை அளவில் பிரிண்ட் போட்டு அடுத்த தடவை கையில் கொண்டுபோங்கள். வாட்ஸாப்பில் அனுப்பியது பேரனின் போனிலேயே தங்கிவிடும். நான் கொடுத்த பிரிண்டைப் பாட்டி வெயிலில் பிடித்து, தன் முகத்தை விட்டுவிட்டு, பின்னால் அடுக்கியிருந்த மூட்டைகளை விரல்வைத்து எண்ணினார். "பதினொண்ணுதான் இருக்கு. இன்னொண்ணை எங்கே விட்டே?"