மின்னும் மரப்பொம்மைக்கு ஒரு பட்டர் பேப்பர் போதும்

கர்நாடகத்தின் சன்னபட்டணத்து மரப்பொம்மைகளைப் படம் எடுப்பது லேசில்லை. வெட்பாலை மரத்தில் கடைந்து அரக்குப் பூச்சு ஏற்றியவை என்பதால் கண்ணாடி மாதிரி மின்னும். ஃபிளாஷ் அடித்தால் ராஜா பொம்மையின் வயிற்றில் பளீரென்று ஒரு வெள்ளைப் பொட்டு விழும். அந்த அழகான சிவப்பு வெளிறிவிடும்.

இதற்காக லைட் பாக்ஸ் (சின்னப் பொருள்களை உள்ளே வைத்துப் படமெடுக்கும் வெளிச்சப் பெட்டி) வாங்க வேண்டாம். வெள்ளை சார்ட் பேப்பரைச் சுவரில் ஒட்டி, மடிப்பு விழாமல் வளைத்து மேசைமேல் இறக்குங்கள். பொம்மையை அதன்மேல் வையுங்கள். இடது பக்கம் 9 வாட் எல்.இ.டி பல்பு போட்ட மேசை விளக்கு. (குண்டு பல்பு வேண்டாம், சூட்டில் காகிதம் கருகும்.)

இப்போதுதான் முக்கியமான வேலை. ஒரு பழைய போட்டோ சட்டத்தில் பட்டர் பேப்பரை ஒட்டி, விளக்குக்கும் பொம்மைக்கும் நடுவில் நிறுத்துங்கள். சட்டம் பொம்மைக்கு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு நல்லது. படத்துக்குள் தெரியாமல் இருந்தால் சரி. சின்ன பல்பின் வெளிச்சம் காகிதம் முழுக்கப் பரவுவதால் நிழலின் ஓரம் மென்மையாகும். அந்த வெள்ளைப் பொட்டும் நீளமான மெல்லிய மினுக்கமாக மாறி, பொம்மையின் உருண்டை வடிவத்தை எடுத்துக் காட்டும். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

வலது பக்கம் ஒரு தெர்மாகோல் துண்டு நிறுத்தினால் இருட்டு விலகும். அப்புறம், அறை விளக்கை அணைக்க மறக்காதீர்கள், இரண்டு வெளிச்சம் கலந்தால் நிறம் கெடும். போனைப் பொம்மையின் கண் மட்டத்துக்கு இறக்கி, 3 விநாடி டைமர் வைத்து எடுங்கள்.