விடியற்காலையில் 600 மைல்: பாடியில் உட்கார்ந்து ஸ்டாக் கார் ரேஸ் பார்ப்பது எப்படி

சென்னை பாடியில் வீல் அலைன்மென்ட் கடை வைத்திருக்கிறேன். டயரைத் தடவிப் பார்த்து வண்டிக்கு என்ன குறை என்று சொல்வது என் வேலை. கார் பந்தயம் என்றால் எல்லாமே பார்ப்பேன். ஆனால் வருடத்தில் ஒரே ஒரு ரேஸுக்காகத்தான் அலாரம் வைத்து எழுகிறேன். அமெரிக்காவில் ஷார்லட் ஓவலில், அதாவது முட்டை வடிவ ஓடுதளத்தில், நடக்கும் கோகோ கோலா 600.

"ஒரே வட்டத்துல சுத்திக்கிட்டே இருக்கறத நாலு மணி நேரமா பாக்கறீங்க?" என்று கடைக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். முன்னால் போகிற வண்டியை மட்டும் பார்த்தால் அரை மணி நேரத்தில் தூக்கம் வந்துவிடும், அது உண்மை. எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துவிட்டால் தூக்கமே வராது. நானும் என் மகளும் பார்க்கிற முறையை இங்கே எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. ஒரு சுற்று ஒன்றரை மைல், மொத்தம் 400 சுற்று, 600 மைல். நம் கணக்கில் சுமார் 966 கிலோமீட்டர். சென்னையிலிருந்து மதுரைக்குப் போய்த் திரும்பினால் வரும் தூரத்தைவிடக் கொஞ்சம் கூட. 1960-ல் வேர்ல்டு 600 என்ற பெயரில் ஆரம்பித்தது. ஸ்டாக் கார் ரேஸ்களை நடத்தும் அமெரிக்க அமைப்பான நாஸ்காரின் அட்டவணையிலேயே நீளமான ரேஸ் இதுதான். ஒரு சுற்றுக்கு நாலு திருப்பம், நாலும் இடதுபக்கம். 400 சுற்றுக்கு 1600 இடது திருப்பம். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டும்.

மே மாதக் கடைசித் திங்களுக்கு முந்தைய ஞாயிறு, அவர்கள் நேரப்படி மாலை ஆறு மணியை ஒட்டித் தொடங்கும். நமக்கு அது திங்கள் விடியற்காலை மூன்றரை. பச்சைக் கொடி விழ நாலு மணி ஆகலாம். ஞாயிறு இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு ஒன்பதுக்குள் படுத்துவிடுங்கள். கத்திரி வெயில் முடியும் நேரம், ராத்திரியிலும் புழுக்கம் இருக்கும். ஐந்து மணி நேரத் தூக்கமாவது போடாமல் இந்த ரேஸைப் பார்க்க உட்காரக் கூடாது. இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் இருக்கிறதா என்று முந்தின நாளே பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று: திங்கள் காலை பத்து மணிக்கு முன்னால் யாருக்கும் நேரம் கொடுக்காதீர்கள். 2022-ல் நான் ஒரு வாடிக்கையாளரை ஒன்பதுக்கு வரச் சொல்லியிருந்தேன். எட்டே முக்காலுக்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியதாகிவிட்டது. முடிய இரண்டே சுற்று இருக்கும்போது மஞ்சள் கொடி, அதாவது எல்லோரும் மெதுவாகப் போக வேண்டும். ரேஸைப் பச்சைக் கொடியில் முடிக்கக் கூடுதல் சுற்று, அதுதான் ஓவர்டைம்; அதிலும் விபத்து, மறுபடி ஓவர்டைம். கடைசியில் 413-ஆவது சுற்றில் டென்னி ஹாம்லின் ஜெயித்தார். 619.5 மைல், நாஸ்கார் சரித்திரத்திலேயே நீளமான ரேஸ். அந்த நேரத்தில் நான் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தேன். மகள் போனில் ஒவ்வொரு சுற்றாகச் சொன்னாள். அன்றிலிருந்து அந்தத் திங்கள் மட்டும் கடை பதினொன்றுக்குத்தான்.

படம் கிடைத்தால் நல்லது. கிடைக்கவில்லை என்றால் விட்டுவிட வேண்டாம். பிஆர்என் ரேடியோவின் வர்ணனையைக் காதில் வைத்துக்கொண்டு, நாஸ்கார் தளத்தின் நேரடிப் பட்டியலைக் கண்முன் வைத்துக்கொண்டால் ரேஸ் முழுசாகப் புரியும். சின்ன வயதில் டிரான்சிஸ்டரில் கிரிக்கெட் கேட்டவர்களுக்கு இது புதிதில்லை.

சரி, இப்போது முக்கியமான விஷயம். ஒரு வண்டியைத் தேர்ந்தெடுங்கள். ஒன்றே ஒன்று. முன்வரிசையில் இருப்பது வேண்டாம். பதினைந்தாவது, இருபதாவது இடத்திலிருந்து கிளம்புவதாக இருக்கட்டும். ஏன் என்றால், 2016-ல் மார்ட்டின் ட்ரூயெக்ஸ் ஜூனியர் 400 சுற்றில் 392 சுற்று முதலிடத்திலேயே ஓடினார். அன்றைக்கு அவரை மட்டும் பார்த்தவர்களுக்கு எதுவும் நடக்காத மாதிரி இருந்திருக்கும். பின்னால் மற்ற வண்டிகள் எல்லாம் ஒவ்வொரு இடத்துக்கும் அடித்துக்கொண்டிருந்தன.

அப்புறம் ஒரு நோட்டுப் புத்தகம். கோடு போட்ட எண்பது பக்க நோட்டு போதும். பக்கத்தை மேலிருந்து கீழாக நாலு பத்தியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். 20 சுற்றுக்கு ஒருமுறை உங்கள் வண்டி எத்தனையாவது இடம் என்று எழுதுங்கள். ஒரு சுற்றுக்கு அரை நிமிடம்தான், ஆக இருபது சுற்றுக்குப் பத்து நிமிடம். நடுவில் காபி போட நேரம் இருக்கிறது. டயர் மாற்றி, பெட்ரோல் போடும் இடமான பிட்டுக்குள் வண்டி வந்தால் எந்தச் சுற்றில் வந்தது, எத்தனை டயர் மாற்றினார்கள் என்று குறியுங்கள். மஞ்சள் கொடி விழுந்தால் அதையும் சுற்று எண்ணோடு குறியுங்கள். ஓட்டுநர் ரேடியோவில் என்ன சொன்னார் என்று வர்ணனையாளர் சொல்வார், அது கடைசிப் பத்தி. இந்த நாலு பத்தியும் நிரம்பினால் ரேஸ் உங்கள் கைக்குள் வந்துவிடும்.

அந்தக் கடைசிப் பத்தியில் பெரும்பாலும் இரண்டே சொல்தான் வரும். டைட், லூஸ். ஸ்டியரிங்கை ஒடித்தும் முன்பக்கம் திரும்பாமல் வெளிச்சுவரைப் பார்த்துப் போனால் டைட். முன்பக்கம் திரும்பி, பின்பக்கம் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தால் லூஸ். மழை நாளில் ரவுண்டானாவில் வேகமாகத் திரும்பி, பின்சக்கரம் ஒரு கணம் நழுவியதை உணர்ந்தவர்களுக்கு லூஸ் என்றால் என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை.

இங்கே என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கடைக்கு வருகிற வண்டிகளில் பாதிக்கு மேல் ஒரே புகார், "ஒரு பக்கமா இழுக்குது." கேம்பரையும் (சக்கரம் மேலே சாயும் அளவு) டோவையும் (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ பார்த்து நிற்கும் அளவு) சரி செய்து, கையை விட்டாலும் நேராகப் போகிற மாதிரி ஆக்கித் தருவேன். ஓவலில் ஓடும் ஸ்டாக் காரை அவர்கள் வேண்டுமென்றே இடதுபக்கம் திரும்பத் தோதாக அமைக்கிறார்கள். முன்னால் நின்று பார்த்தால் தெரியும்: இரண்டு முன்சக்கரங்களின் தலையும் ஒரே பக்கம், ஓட்டுநருக்கு இடதுபக்கம், சாய்ந்திருக்கும். இப்படி ஒரு வண்டி என் கடைக்கு வந்தால் விபத்தில் அடிபட்டது என்றுதான் நினைப்பேன். 1600 இடது திருப்பத்துக்காக அப்படி வைத்திருக்கிறார்கள்.

இடதுபக்கம் திரும்பும்போது பாரம் முழுக்க வலதுபக்கம் போகும். வலது முன்டயர்தான் அதிகம் அடி வாங்கும். அதனால் உங்கள் கண் எப்போதும் அந்த டயர் மேல் இருக்கட்டும். ஷார்லட்டில் திருப்பங்கள் 24 டிகிரி சாய்வு. கத்திப்பாரா மேம்பாலத்தில் வளையும்போது சாலை லேசாகச் சாய்ந்திருக்குமே, அது சில டிகிரிதான். 24 டிகிரியில் நின்று பேசுவதே கஷ்டம். அந்தச் சாய்வில் வண்டி தரையோடு அழுத்தப்படும்போது அந்த ஒரு டயர் என்ன பாடுபடும் என்று யோசித்துப் பாருங்கள்.

உங்கள் வீட்டுக் காரிலேயே இதைத் தொட்டுப் பார்க்கலாம். வண்டி ஆறியிருக்கும்போது முன்டயரின் குறுக்கே உள்ளங்கையை வெளியிலிருந்து உள்ளே தடவுங்கள், பிறகு உள்ளிருந்து வெளியே. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் நல்லது. ஒரு பக்கம் வழவழவென்று போய், திரும்பி வரும்போது அரம் மாதிரி பிராண்டினால் டோ சரியில்லை, டயர் உருளாமல் பக்கவாட்டில் தேய்கிறது என்று அர்த்தம். பிட்டில் கழற்றிய டயரை அவர்களும் இப்படித்தான் படிக்கிறார்கள். ஒட்டிக்கொண்ட ரப்பரைச் சூடாக்கிச் சுரண்டிவிட்டு, டயரில் இருக்கும் சின்னத் துளைகளின் ஆழத்தை அளப்பார்கள். எந்த ஓரம் அதிகம் தேய்ந்தது என்று அந்த அளவு சொல்லிவிடும். கேமரா அந்தப் பக்கம் போகும்போது எழுந்து போகாதீர்கள். அடுத்த ஐம்பது சுற்று எப்படி இருக்கும் என்பது அங்கேதான் தெரியும்.

பிட் ஸ்டாப்பில் சுவரைத் தாண்டி ஐந்து பேர் குதிப்பார்கள். இரண்டு பேர் டயரை மாற்ற, ஒருவர் தூக்கித் தர, ஒருவர் ஜாக்கி போட, ஒருவர் பெட்ரோல் ஊற்ற. பத்து வினாடியை ஒட்டி நாலு டயரும் மாறிவிடும். 2022-ல் வந்த புதிய காரில் சக்கரத்துக்கு நடுவில் ஒரே நட்டுதான்; அதற்கு முன்னால் ஐந்து. அந்த நேரத்திலேயே பின்கண்ணாடித் துளை வழியாக நீள ஸ்பேனரை விட்டு ஒருவர் அரைத் திருப்பு திருப்புவதைப் பார்த்தால் நோட்டில் எழுதுங்கள். சஸ்பென்ஷனில் பாரத்தை ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு மாற்றுகிறார்கள். டைட் என்று சொன்ன ஓட்டுநர் அதற்குப் பிறகு என்ன சொல்கிறார் என்று கேட்க வேண்டும்.

டாங்கில் 20 கேலன், சுமார் 75 லிட்டர். ரேஸை 100 சுற்றாகப் பிரித்திருக்கிறார்கள், அதைப் பிறகு சொல்கிறேன்; அந்த எரிபொருளில் 100 சுற்று ஓட முடியாது. ஆகவே பச்சைக் கொடியிலேயே, அதாவது எல்லோரும் முழு வேகத்தில் ஓடும்போதே, நடுவில் ஒருமுறை உள்ளே வந்தாக வேண்டும். இங்கேதான் புதிதாகப் பார்க்கிறவர்கள் குழம்புவார்கள். பச்சையில் பிட்டுக்கு வந்தால் ஏறத்தாழ ஒரு சுற்றே போய்விடும். முதலில் இருந்த வண்டி திடீரென்று இருபத்தைந்தாவது இடத்தில் தெரியும். பதற வேண்டாம். எல்லோரும் வந்து போகிறவரை பட்டியலை நம்பாதீர்கள்.

ஆனால் பாதிப் பேர் உள்ளே வந்து, பாதிப் பேர் வராத நேரத்தில் மஞ்சள் விழுந்தால் கதையே மாறும். வந்துவிட்டவர்கள் ஒரு சுற்று பின்தங்கி மாட்டிக்கொள்வார்கள். வராதவர்கள் எல்லோரும் மெதுவாகப் போகும் நேரத்தில் சாவகாசமாக டயர் மாற்றிக்கொள்வார்கள். பின்தங்கியவர்களில் முதலில் நிற்கிற வண்டிக்கு இழந்த சுற்று திரும்பக் கிடைக்கும். அந்த ஒரு இடத்துக்காக இருபதாவது இடத்தில் நடக்கும் சண்டை, முதலிடத்துச் சண்டைக்குக் குறைந்ததில்லை.

ரேஸை 100 சுற்றாக நாலு ஸ்டேஜ் பிரித்திருக்கிறார்கள். மற்ற நாஸ்கார் ரேஸ்களில் மூன்றுதான். ஒவ்வொரு ஸ்டேஜ் முடிவிலும் மஞ்சள் கொடி, முதல் பத்து பேருக்குப் புள்ளி. இரண்டாவது ஸ்டேஜ் முடிந்ததும் எல்லா வண்டியும் பிட் சாலையில் வரிசையாக நின்று எஞ்சினை அணைப்பார்கள். போரில் இறந்த வீரர்களுக்கு மௌன அஞ்சலி. ஒவ்வொரு வண்டியின் முன்கண்ணாடியிலும் ஒரு வீரரின் பெயர் இருக்கும். இரண்டு மணி நேரமாக காதை அடைத்த சத்தம் நின்று போகும்போது நம் தெருவில் குயில் கூவுவது கேட்கும். அந்த நேரத்தில் நாங்களும் டிவிக்கு முன்னால் எழுந்து நிற்போம்.

இந்த ரேஸில் எனக்கு மிகவும் பிடித்தது வெளிச்சம். அவர்களுக்கு வெயிலில் தொடங்கி ராத்திரியில் முடிகிறது. நமக்கு இருட்டில் தொடங்கி வெயிலில் முடிகிறது. பால் பாக்கெட் வாசலில் விழுகிற நேரத்தில் அங்கே தார் இன்னும் சூடாக, வழுக்கலாக இருக்கும். நம் ஜன்னலில் வெளிச்சம் ஏற ஏற அங்கே விளக்குகளுக்குக் கீழே தரை குளிர்ந்து டயருக்குப் பிடிப்பு கூடும். பகலில் சொன்னபடி கேட்ட வண்டி ராத்திரியில் முரண்டு பிடிக்கும். முதல் ஸ்டேஜில் லூஸ் என்று சொன்ன உங்கள் ஓட்டுநர் மூன்றாவதில் டைட் என்று சொன்னால், அவருடைய ஆட்கள் தேவைக்கு மேல் திருத்திவிட்டார்களா, இல்லை தரை மாறிவிட்டதா என்று நோட்டைப் பார்த்து நீங்களே யோசிக்கலாம்.

மழை வந்தால் காத்திருக்க வேண்டும், அந்த வழுவழு டயரில் ஈரத்தில் ஓட்ட முடியாது. 2024-ல் 249 சுற்றோடு நிறுத்தி, கிறிஸ்டோபர் பெல்லுக்கு வெற்றியைக் கொடுத்தார்கள்.

முடிவில் 350-ஆவது சுற்றுக்குப் பிறகு நோட்டில் எழுதும் இடைவெளியை ஐந்து சுற்றாகக் குறையுங்கள். இந்த நேரத்தில் டயர் புதிதாக இருப்பவர், பெட்ரோல் மிச்சம் வைத்திருப்பவர் யார் என்று உங்கள் நோட்டிலேயே இருக்கும்.

2025-ல் மகள் எடுத்த வண்டி ராஸ் சாஸ்டெய்னுடைய ஒன்றாம் எண். பயிற்சியில் மோதி, இரவோடிரவாக அவருடைய ஆட்கள் மாற்று வண்டியைத் தயார் செய்திருந்தார்கள். அதனால் நாற்பதாவது இடம், கடைசி. "கடைசியில இருக்கறதுதான்பா பார்க்க நல்லா இருக்கும்" என்றாள். முதல் மூன்று ஸ்டேஜையும் வில்லியம் பைரன் ஜெயித்தார். 283 சுற்று அவர்தான் முன்னால். என் கண் அவர் மேலேயே போனது. மகள் மட்டும் விடாமல் எழுதிக்கொண்டிருந்தாள். ஆறு சுற்று பாக்கி இருக்கும்போது சாஸ்டெய்ன் பைரனைத் தாண்டினார். அவள் நோட்டில் முதல் வரி 40, கடைசி வரி 1.

சாஸ்டெய்ன் தர்பூசணி விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. ஜெயித்தால் ஒரு பழத்தைத் தூக்கித் தரையில் போட்டு உடைப்பார். அன்று காலை கடைக்குப் போகும் வழியில், கொரட்டூர் பக்கம் வண்டியை நிறுத்தி நானும் ஒரு பழம் வாங்கினேன். கடைப் பையன்களோடு வெட்டிச் சாப்பிட்டுவிட்டுத்தான் முதல் வண்டியைத் தூக்கினோம்.